அம்பக்கா பார்த்த திசை

அம்பக்கா நிம்மதியாக உட்கார்ந்து எங்கள் யூனிட்டில் ஒருவரும் பார்த்ததில்லை. நாற்காலி போட்டால் அதன் நுனியில் தொற்றிக்கொள்வாள். டீ கொடுத்தால் ஆறி ஏடு படியும் வரை கையில் வைத்துக்கொண்டு நடப்பாள், பிறகு அதை எங்காவது வைத்துவிட்டு "என் டீயை யாரு எடுத்தது?" என்று சண்டைக்கு வருவாள். கையில் எப்போதும் ஒரு பால்பாயின்ட் பேனா இருக்கும். அதன் தலையை டிக் டிக்கென்று அமுக்கிக்கொண்டே இருப்பாள். சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் கெஞ்சிப் பார்த்தான், மிரட்டிப் பார்த்தான், கடைசியில் மூடி போட்ட பேனா ஒரு கட்டு வாங்கிக் கொடுத்துப் பார்த்தான். இரண்டே நாளில் எல்லா மூடியையும் கடித்துத் துப்பிவிட்டாள்.

நான் மேக்கப்மேன். பேசிக்கொண்டே இருக்கிற வாய்களுக்கு மேலே மீசை ஒட்டிப் பிழைக்கிறவன். அதனால் எனக்குப் பொறுமை அதிகம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஒரு மண்ணும் கிடையாது. கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். அம்பக்கா மேல் மட்டும் அது அரை மணி நேரத்துக்கு மேல் நின்றதில்லை. அவள் பார்க்கும் வேலை அப்படி. அந்த வேலையைப் பார்த்தால் நானும் மூடியைக் கடித்துத் துப்பியிருப்பேன்.

அது என்ன வேலை என்று கேட்பீர்கள். எங்களுடையது டிவி தொடர். இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசுகிறார்கள் என்று வையுங்கள். ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவதாகத் திரையில் தெரிய வேண்டுமானால், ஒருத்தர் முகம் இடப்பக்கம் பார்க்க வேண்டும், மற்றவர் முகம் வலப்பக்கம். இருவருக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு ஓடுகிறது. கேமரா அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கம்தான் நிற்க வேண்டும். தாண்டிப் போய் மறுபக்கமிருந்து எடுத்துவிட்டால், வெட்டி ஒட்டும்போது இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்ப்பார்கள். அண்ணனைத் திட்டுகிற தம்பி அலமாரியைத் திட்டிக்கொண்டிருப்பான்.

நடப்பதும் அப்படித்தான். வீட்டை விட்டுக் கிளம்பியவள் திரையில் இடமிருந்து வலமாகப் போனால், தெருவிலும், பாலத்திலும், பஸ்ஸிலும் இடமிருந்து வலமாகவே போக வேண்டும். நடுவில் ஒரே ஒரு ஷாட் மாறி வந்துவிட்டால், பார்க்கிறவர்கள் "அட, அதுக்குள்ள திரும்பி வர்றாளா?" என்று கேட்பார்கள். நாங்களோ வாசலை இன்றைக்கு எடுப்போம், தெருவை அடுத்த மாதம் எடுப்போம், பஸ்ஸை யாராவது பஸ் கொடுத்தால் எடுப்போம். யார் எந்தப் பக்கம் போனார்கள் என்று எவனுக்கு நினைவிருக்கும்? அம்பக்காவுக்கு இருக்கும். அதற்குத்தான் சம்பளம்.

டைரக்டர் "கட்" என்று வாயைத் திறக்கும் முன்பே அவள் இடது உள்ளங்கையில் ஓர் அம்புக்குறி விழுந்திருக்கும். இடமிருந்து வலம், வலமிருந்து இடம், கேமராவை நோக்கி, கேமராவை விட்டு. மாலையில் எல்லாவற்றையும் ஒழுங்காகத் தாளில் ஏற்றிவிட்டு, சோப்பு போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். அம்புக்குறி அக்கா என்றுதான் முதலில் கூப்பிட்டார்கள். அவசரத்தில் அம்பக்கா ஆயிற்று.

ஒரு நாள் கதாநாயகி பெட்டியைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டை விட்டு வெளியேறுகிற காட்சி. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. டைரக்டர் அவசரத்தில் கேமராவைத் தெருவின் அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

அம்பக்கா நடுத்தெருவில் போய் நின்றாள். "சார், இவ வீட்டை விட்டுப் போறாளா, இல்ல மறந்துபோன பல் பிரஷ்ஷை எடுக்கத் திரும்பி வர்றாளா? அதை மட்டும் சொல்லிடுங்க, நான் பேசாம போய் உக்காந்துக்கறேன்."

"நீ என்னைக்கும்மா உக்காந்திருக்க?" என்றார் டைரக்டர். யூனிட்டே சிரித்தது. கேமரா இந்தப் பக்கம் வந்தது.

எல்லா நாளும் அவள் கட்சி ஜெயித்தது என்று நினைத்துவிடாதீர்கள். இன்னொரு முறை, புத்தி பேதலித்த ஒருவன் அறைக்குள் அலைகிற காட்சி. "கோட்டைத் தாண்டிட்டீங்க, தாண்டிட்டீங்க" என்று இவள் குதிக்க, "தெரிஞ்சேதான் தாண்டறேன், அவனுக்கு எது எந்தப் பக்கம்னு தெரியாது, பாக்கறவனுக்கும் தெரியக் கூடாது" என்றார் டைரக்டர். ஒளிபரப்பானபோது அந்தக் காட்சி பிரமாதமாக இருந்தது. இவள் ஒரு நாள் முழுக்க யாரிடமும் பேசவில்லை. மறுநாள் காலையில் டைரக்டரிடம் போய், "நல்லாத்தான் இருந்துச்சு, எனக்குத்தான் புரியல" என்று சொல்லிவிட்டு வந்தாள். அதுதான் அவள். மனதில் ஒன்று, வாயில் ஒன்று கிடையாது.

வெளியுலகில் இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு பிழைப்பது கஷ்டம். அவளுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டார்கள். தம்பியை வளர்த்து ஆளாக்கியது இவள்தான். டிரைவிங் கற்றுக்கொள்ள வைத்து, எங்கள் யூனிட்டிலேயே வேன் ஓட்டும் வேலையும் வாங்கிக் கொடுத்தாள். அவனுக்குப் பெண் கொடுக்க நினைத்தவர்கள் விசாரிக்க வந்தபோது, பெற்ற தாயைப் போல நாலு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? இவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"பையன் நல்லவன்தான். ஆனா முன்கோபி. ரெண்டு இடத்துல சண்டை போட்டு வேலையை விட்டிருக்கான். வண்டியைக் கொஞ்சம் அவசரமாத்தான் எடுப்பான். இங்க எத்தனை நாளைக்கு இருப்பான்னு எனக்கே தெரியாது."

பெண் பிடிவாதமாக நின்றதால் கல்யாணம் எப்படியோ நடந்துவிட்டது. ஆனால் அந்தப் பேச்சு அவன் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. அன்றிலிருந்து அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். தினமும் வேன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, எல்லார் முன்னாலும், "மேடம் ஏறியாச்சா?" என்பான். அவளும் "ஏறியாச்சு" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அக்காவிடம் காட்டவில்லை. அவன் போனில் ஸ்டேட்டஸ் போடுகிற படங்களைத்தான் இவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மேக்கப் அறையில் என் பக்கத்தில் நின்று, படத்தை விரலால் பெரிதாக்கி, "மூக்கு எங்கம்மா மூக்குண்ணே" என்பாள். சொல்லிவிட்டு உடனே வெளியே போய்விடுவாள்.

விபத்து நடந்த அன்று ஒரு வாடகை வீட்டில் படப்பிடிப்பு. மாடியில் தெருவைப் பார்த்த அறைதான் எனக்கு. ஒரு பக்கம் பெரிய ஜன்னல், அதற்கு நேர் எதிர்ச் சுவரில் பல்பு வைத்த என் கண்ணாடி. கீழே தெரு ஒருவழிப் பாதை. ஒரு முனையில் மருந்துக்கடை, மறு முனையில் பெட்ரோல் பங்க். வண்டிகள் மருந்துக்கடைப் பக்கமிருந்து வந்து பங்க் பக்கமாகப் போக வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

நான் கதாநாயகனுக்கு மீசை ஒட்டிக்கொண்டிருந்தேன். போன வாரம் மீசை நுனி எவ்வளவு வளைந்திருந்தது என்று சரிபார்க்க அம்பக்கா அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். முகம் கண்ணாடியை நோக்கி, முதுகு ஜன்னலை நோக்கி. வெளியே பிரேக் கிறீச்சிட்டது. தொடர்ந்து டமாரென்று ஒரு சத்தம். நான் திரும்புவதற்குள் அவள் படிக்கட்டில் இருந்தாள். கதாநாயகன் பாதி மீசையோடு ஜன்னலுக்கு ஓடினான். மீதிப் பாதி என் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கேட்டிலிருந்து பின்பக்கமாக வெளியே வந்த எங்கள் வேன் ஒரு ஸ்கூட்டரை அடித்திருந்தது. ஓட்டியவர் வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக். தலையில் அடி, கால் எலும்பு முறிந்துவிட்டது, நினைவில்லை. ஸ்கூட்டர் சுழன்று போய்ச் சுவரில் கிடந்ததால் அது எந்தப் பக்கமிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தம்பி பேயறைந்தவன் போல் நின்றான். ஆம்புலன்ஸ் போன பிறகு இன்ஸ்பெக்டர் வந்தார். மத்தியானத் தெருவில் வேறு ஆளில்லை. தெருமுனைக் கம்பத்தில் ஒரு கேமரா இருந்தது. அது வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் எங்கள் கேமராக்கள் இருந்தன. அவை சோபாவைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"யாராவது பாத்தீங்களா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"நான் பாத்தேன்," என்றாள் அம்பக்கா.

கேட்டில் தெருவைப் பார்த்து நின்றவள், தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். பழக்க தோஷம், ஓடும்போதே ஓர் அம்புக்குறி போட்டிருக்கிறாள். "ஸ்கூட்டர் இடமிருந்து வலமா வந்துச்சு," என்று சொல்லி, இடது கையைப் பெட்ரோல் பங்க் பக்கம் நீட்டி, மருந்துக்கடைப் பக்கம் கொண்டுவந்து காட்டினாள். அப்படியானால் மெக்கானிக் ஒருவழிப் பாதையில் எதிராக வந்திருக்கிறார். தப்பு அவருடையது.

"நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும்."

"சார், அந்தம்மாவுக்குத் திசையில சந்தேகம்னு ஒண்ணு வந்து நாங்க பாத்ததே இல்ல," என்றார் டைரக்டர். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். தம்பி தலையை நிமிர்த்தி அக்காவைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. பயத்தில் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக் கதவைத் தட்டினான். கூடவே மனைவி, இடுப்பில் குழந்தை. வாசலில் நின்றபடியே "அக்கா" என்றானாம். பிறகு வாரா வாரம் வந்தான். அந்தக் குழந்தை இவள் மேல் அப்படி ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு இவள் மடியிலேயே தூங்கிவிட்டதாம். கால் மரத்துப்போயும் சாயங்காலம் வரை அசையாமல் இருந்தாளாம். இதை என்னிடம் சொல்லும்போது அறையின் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

மெக்கானிக்கைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். போனோம். காலில் கம்பி போட்டுத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். அன்று நடந்தது எதுவும் அவர் நினைவில் இல்லை. எதிராக வண்டி ஓட்டியதாகக் கேஸ். கம்பெனியும் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதாம்.

"நான் ஒன்வேல எதிரா வர்ற ஆளே இல்லீங்க," என்றார் மெக்கானிக். "ஆனா நீங்க கண்ணால பாத்திருக்கீங்க. உங்களுக்கு என் மேல என்ன விரோதம்? ஏதோ புத்தி கெட்டு வந்திருக்கேன். உங்க தம்பிகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க."

"மருந்துக்கடைப் பக்கம் ஒரு வீட்ல வேலை, முடிச்சுட்டு சீக்கிரமா வந்துடறேன்னு சொல்லிட்டுத்தான் போனார்," என்று அவர் மனைவி மூக்கைச் சிந்தினாள். "பங்க் பக்கம் இவருக்கு என்ன வேலைன்னு எனக்குப் புரியவே இல்ல. கேட்டா, தெரியலங்கறார்."

திரும்பி வரும்போது அம்பக்கா பேசவில்லை. பேனா மட்டும் டிக் டிக்கென்று பேசிக்கொண்டு வந்தது. அந்த வாரம் முழுக்கக் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் போல இருந்தாள். சொன்னதையே சொன்னாள், கேட்டதையே கேட்டாள். "பெட்ரோல் போடப் போயிருப்பாரோ?" என்று என்னிடமே பத்து தடவை கேட்டிருப்பாள். எனக்கு எரிச்சலாக வந்தது. "ஆமாம்மா, போட்டிருப்பார், விடு," என்றேன்.

மறுபடி அதே வீட்டில் படப்பிடிப்பு. சாப்பாட்டு இடைவேளையில் நான் பிரஷ்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்பக்கா கண்ணாடி முன் நின்று தலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கண்ணாடியில் ஜன்னல் தெரிந்தது, ஜன்னலுக்குள் தெரு தெரிந்தது, தெருவில் ஒரு ஸ்கூல் வேன் இடமிருந்து வலமாக ஓடியது.

"பாருங்கண்ணே, குழந்தைகளை வெச்சுக்கிட்டு ஒன்வேல எதிரா வர்றான், அறிவில்ல?" என்று கத்திக்கொண்டே அவனைத் திட்டுவதற்காக ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

வேன் சரியான பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. மருந்துக்கடையிலிருந்து பங்குக்கு.

அவள் வாய் திறந்தபடியே நின்றது. கண்ணாடி பக்கம் திரும்பினாள். ஒரு ஆட்டோ, இடமிருந்து வலம். ஜன்னல் பக்கம் திரும்பினாள். அதே ஆட்டோ, வலமிருந்து இடம். மறுபடி ஒரு சைக்கிள். மறுபடி ஒரு கார். நான் முதலில் சிரித்தேன். பேனா சத்தம் நின்றுவிட்டதைக் கவனித்த பிறகுதான் பிரஷ்ஷைக் கீழே வைத்தேன்.

தெருவுக்கு முதுகு காட்டி நின்று கண்ணாடியில் பார்த்தால் இடமிருந்து வலமாக ஓடுவது, தெருவைப் பார்த்து நின்றால் வலமிருந்து இடமாக ஓடும். யோசித்தால் யாருக்கும் புரியும். வேறு யார் பார்த்திருந்தாலும், "மருந்துக்கடைப் பக்கமிருந்து வந்தான் சார்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அவள் மருந்துக்கடையைப் பார்க்கிறவள் இல்லையே. வருஷக்கணக்காகக் கேமராவின் சட்டத்துக்குள் எது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மட்டுமே பார்த்துப் பழகியவள். கண்ணாடியும் அவளுக்கு ஒரு சட்டம். பார்த்தாள், கையில் அம்பு போட்டாள், கீழே ஓடினாள், தெருவைப் பார்த்து நின்று அந்த அம்பைப் படித்தாள். கோட்டின் இந்தப் பக்கம் எடுத்ததை அந்தப் பக்கம் நின்று படித்துவிட்டாள்.

"அண்ணே, அந்த மனுஷன் ஒழுங்காத்தான் வந்திருக்கார்," என்றாள்.

அன்று மத்தியானம் எடுத்த காட்சியில் கேமரா கோட்டைத் தாண்டிப் போனது, திரும்பியும் வந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள், ஒன்றும் சொல்லவில்லை. டைரக்டரே பயந்துபோய், "ஏம்மா, இது சரியா?" என்று கேட்டார். "தெரியல சார்," என்றாள். திசை விஷயத்தில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன்.

சாயங்காலம் வேனில் எல்லாரையும் இறக்கிவிட்ட பிறகு, கடைசியாக நாங்கள் இரண்டு பேர். நான் பெட்டியோடு எழுந்தேன். "நீங்களும் இருங்கண்ணே," என்றாள். தம்பியிடம் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னாள்.

"அன்னிக்கு அந்த ஸ்கூட்டர் எந்தப் பக்கமிருந்துடா வந்துச்சு?"

அவன் இன்ஜினை அணைத்தான். "நீதானக்கா சொன்ன, பங்க் பக்கமிருந்துன்னு."

"நான் சொன்னது இருக்கட்டும். நீ என்ன பாத்த?"

அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சிரித்தான். "மேக்கப் அண்ணன்தான, வெளியாள் இல்ல. மருந்துக்கடைப் பக்கம்தான். நான் திரும்பியே பாக்காம ரிவர்ஸ் எடுத்தேன். உனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான எனக்காக மாத்திச் சொன்ன?" சீட்டில் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தான். "எனக்காக நீ ஒரு வார்த்தை பேச மாட்டியான்னு எத்தனை வருஷம் ஏங்கியிருக்கேன் தெரியுமாக்கா? அன்னிக்கு எல்லார் முன்னாடியும் பேசின. வீட்டுக்குப் போய் அழுதேன். எங்கக்கா எனக்காகப் பொய் சொன்னான்னு என் பொண்டாட்டிகிட்ட சொல்லிச் சொல்லி அழுதேன்."

பேசாதே, பேசாதே என்று மனதுக்குள் அவளிடம் கெஞ்சினேன். ஆமாண்டா என்று சொன்னால் போதும். அல்லது ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டினால் போதும்.

"இல்லடா," என்றாள். "நான் கண்ணாடியில பாத்தேன். திசையை மாத்திப் படிச்சுட்டேன். எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

அவனுக்கு அது உள்ளே இறங்க நேரம் பிடித்தது. "அப்ப எனக்காகச் சொல்லல."

"இல்ல."

"சரி," என்றான். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "தப்பாவே சொன்னதா இருக்கட்டும். இப்ப விட்டுடு. யாருக்கும் தெரியாது. இப்பவாவது எனக்காக விட்டுடுக்கா. லைசென்ஸ் போனா நான் என்ன பண்ணுவேன்? வேற என்ன தெரியும் எனக்கு?"

அம்பக்கா அழுதுகொண்டிருந்தாள். "இத்தனை நாள் அது தப்புடா. இனிமே சொல்லாம இருந்தா அது பொய். அந்த மனுஷன் உங்கிட்ட மன்னிப்புக் கேக்கறார்டா."

அவன் இறங்கி வந்து பக்கவாட்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

"இறங்குங்க மேடம்."

மறுநாள் காலை அவளோடு நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். எனக்குத் தம்பி மேல் கோபம், இவள் மேல் கோபம், அந்தக் கண்ணாடியை அங்கே மாட்டிய என் மேல்கூடக் கோபம். இவள் விஷயத்தைச் சொல்லச் சொல்ல இன்ஸ்பெக்டருக்குத் தலை சுற்றியது. கையில் அம்பு வரைந்து காட்டினாள், புரியவில்லை. ஒரு கான்ஸ்டபிளை எழுப்பித் தன் முதுகுக்குப் பின்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்கவிட்டாள். என் மேக்கப் பெட்டியிலிருந்த கைக்கண்ணாடியை இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். பாவம் அந்தக் கான்ஸ்டபிள், பத்து தடவையாவது நடந்திருப்பார்.

"கண்ணாடிக் கதை புரியுது," என்றார் இன்ஸ்பெக்டர் கடைசியில். "நம்பிக்கைதான் வரல. உங்க கூடப் பிறந்த தம்பி. அவரைக் காப்பாத்த அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்க. இப்ப மனசு உறுத்துது, கண்ணாடின்னு சொல்றீங்க. பொய்ச் சாட்சி சொன்னா அதுக்குத் தனியா கேஸ் உண்டும்மா. தெரியுமா?"

"தெரியாது. ஆனா நான் பொய் சொல்லல."

"அதை உங்க தம்பிகிட்டயே கேட்டுடறேன்."

ஆள் அனுப்பினார். தம்பி வந்தான். சவரம் செய்யாத முகம். எங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேற்று வரை அவன் நம்பியதை அப்படியே சொன்னால் போதும், இவள் மாட்டிக்கொள்வாள். அவனுக்கும் அதைச் சொல்ல எல்லா நியாயமும் இருந்தது. இத்தனை நாள் அவன் நம்பியது அதுதானே.

"உங்கக்கா அன்னிக்கு உன்னைக் காப்பாத்தத்தான் மாத்திச் சொன்னாங்களா? உண்மையைச் சொல்லு," என்றார் இன்ஸ்பெக்டர்.

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். தாடை இறுகியிருந்தது.

"எனக்காகவா?" என்றான். "இல்லீங்க சார். எங்கக்கா எனக்காகப் பொய் சொல்ல மாட்டா. யார்கிட்ட வேணா கேட்டுப் பாருங்க. எனக்காக ஒரு சின்னப் பொய்கூட இதுவரைக்கும் சொன்னதில்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஸ்கூட்டர் மருந்துக்கடைப் பக்கமிருந்துதான் வந்துச்சு. நான் பாக்காம எடுத்தேன். தப்பு என்னுது."

முகங்களைப் பார்த்தே வயிறு வளர்க்கிறவன் நான். அவன் அவளைக் குற்றம் சொன்னானா, அவளுக்காகச் சாட்சி சொன்னானா என்று எனக்கு அந்த முகத்தில் பிரித்துப் படிக்கத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அம்பக்கா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, ஸ்டேஷன் என்றும் பார்க்காமல் வாய்விட்டு அழுதாள். நடந்து நடந்து களைத்த கான்ஸ்டபிள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மெக்கானிக் மேல் இருந்த கேஸை எடுத்துவிடுவதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். தம்பி லைசென்ஸை எடுத்து மேஜை மேல் வைத்தான். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான். சாட்சியை வேண்டுமென்று மாற்றியதாகத் தோன்றவில்லை என்று சொல்லி அவளைப் போகச் சொன்னார்கள். போவதற்கு அவளுக்குக் கால் வரவில்லை.

அவன்தான் முதலில் வெளியே கிளம்பினான். எங்களைத் தாண்டி வாசல் வரை போனவன், அங்கே நின்றான்.

"குழந்தை காலையிலேருந்து உன்னைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கு," என்றான், எங்கள் பக்கம் திரும்பாமலே. "கூட்டிட்டு வர இப்ப எனக்கு மனசு வரல. கொஞ்ச நாள் போகட்டும்க்கா."

"சரிடா," என்றாள் அம்பக்கா.